கொட்டுவதும் ஊற்றுவதும்

திருச்செங்கோட்டில் கோகிலவாணி தெருவுக்குள் நுழைந்தால் தேங்கிய தண்ணீருக்கே உதறல் எடுக்கும். நகராட்சிக்காகக் கொசுப்புழு ஒழிக்கும் வேலை. வீடு வீடாகப் போய்த் தொட்டியில் டார்ச் அடித்துப் பார்ப்பார், பழைய டயரைக் கவிழ்ப்பார், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டைக்கூட இழுத்துக் கொட்டச் சொல்வார். 'டெங்கு அக்கா வருது' என்று ஒரு வீட்டில் குரல் கேட்டால் அடுத்த வீட்டில் அவசர அவசரமாகக் குடங்களை மூடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குத்தான் அந்தச் செடி வந்து சேர்ந்தது. கணவர் பூபதி போர்வெல் போடும் ரிக் லாரிக்கு டிரைவர். ஊர் ஊராகப் போர் போட்டுவிட்டு, மழைக்கு வண்டி நின்றதும் திரும்பியவர், வழியில் கேரளத்து நர்சரி ஒன்றில் வாங்கி, குழந்தையைப் போலக் கேபினில் பக்கத்திலேயே வைத்துக் கொண்டுவந்தார். ப்ரொமீலியாட் என்று பெயராம், அன்னாசிக்குச் சொந்தம். நடுவில் செக்கச்செவேலென்று பூ. அதைச் சுற்றி இலைகள் கிண்ணம்போலக் குவிந்து நின்றன.

"அந்தக் கிண்ணத்துல எப்பவும் தண்ணி நிக்கோணும் அம்மிணி. வேர்ல நெறைய ஊத்துனா அழுகிப்போயிரும்."

"ஏனுங்க, தண்ணிய நிறுத்தாதீங்கன்னு ஊரெல்லாம் தொண்டை கிழியக் கத்தறேன். என்ற ஊட்டுக்குள்ளயே கொசுவுக்குத் தொட்டி கட்டறீங்களா?"

அன்றிலிருந்து ஊமைச் சண்டைதான். வேலைக்குக் கிளம்புமுன் கோகிலவாணி செடியைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டிவிடுவார். அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் பூபதி மறுபடி ஊற்றிவிடுவார். அதுவும் போர் தண்ணீர் இல்லை. பூமியைத் துளைத்தே காலம் தள்ளிய மனுஷன், போர் தண்ணீர் பட்டால் இலையில் உப்புப் படியும் என்று குடிக்கப் பிடித்துவைத்த காவிரித் தண்ணீரைக் கொடுப்பார். இருவருக்கும் விஷயம் தெரியும். இருவரும் வாய் திறக்கவில்லை. ஜன்னலோரத்தில் செடி ஜம்மென்று நின்றது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கோகிலவாணிக்கு விடியுமுன்பே வேலை; வீடு திரும்பினால் படுக்கைதான். செடி நினைப்பே அற்றுப்போயிற்று.

அந்தச் சமயம் பார்த்துப் பூபதிக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றார்.

கோகிலவாணி ஊரெல்லாம் சொல்லித் திரியும் டெங்கு அறிகுறி அதுதான். கை தானாக டார்ச்சை எடுத்தது. கிண்ணம் நிறையத் தண்ணீர். புழு ஒன்றும் தென்படவில்லை. அதனாலென்ன? ஒரு வாரம் தேங்கினால் போதுமே, புழு கொசுவாகிப் பறந்திருக்கும். ஊரைக் காப்பாற்றப் போன நேரத்தில் சொந்த வீட்டில் கோட்டை விட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். செடியைத் தொட்டியோடு தூக்கி வாசலில் மழையில் வைத்துவிட்டு, கணவரை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்.

ரிசல்ட் வரும்வரை கோகிலவாணிக்குப் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. "டெங்கு இல்லீங்க, சாதாரணக் காய்ச்சல்தான்" என்று நர்ஸ் சொன்னதுதான் தாமதம், அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். காய்ச்சல்காரர்தான் அவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்ட வேண்டியிருந்தது.

"எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சுங்க. இந்த மழையில நான் செடித் தண்ணியக் கொட்டவே இல்லை. அதுல பொறந்த கொசுதான் உங்களைக் கடிச்சுப்போட்டுதுன்னு…"

பூபதி சிரித்தார். "நீ கொட்டலைன்னா என்ன? தினமும் காத்தால நாந்தான் கொட்டுனேன். கொட்டிப்போட்டுத்தான் புதுசா ஊத்துனேன்."

"நீங்களா? எதுக்குங்க?"

"அது உன்ற வேலையாச்சே அம்மிணி. நீ இல்லாதப்ப வேற யாரு பார்க்கறது?"

வீட்டுக்கு வந்ததும் கோகிலவாணி வாசலில் இருந்த செடியை எடுத்து, கிண்ணத்தில் சேர்ந்திருந்த மழைத் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினார், பழக்கம் விடுமா? பிறகு ஜன்னலோரத்தில் வைத்து, ஒரு சொம்பு காவிரித் தண்ணீரை முதன்முதலாகத் தன் கையாலேயே அதில் ஊற்றினார்.