கொல்லைமேட்டில் போடாமல் விட்ட கூரை

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்காக உறவினர்களும் நண்பர்களும் எழுதிக் கொடுத்ததையெல்லாம் அச்சுக்கு அனுப்பும் முன் நான் ஒருமுறை படித்தேன். வீட்டுமனை வாங்கிக் கொடுத்தார், பேருந்து விடச் செய்தார், சட்டமன்றத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்காகப் பேசினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தனையும் உண்மை. கொல்லைமேட்டைப் பற்றி மட்டும் ஒருவரும் எழுதவில்லை. இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். ஆனால் கடைசிக் காலத்தில் அண்ணன் வாயில் அதிகம் வந்த ஊர்ப்பெயர் அதுதான். அதை விட்டுவிட்டு மலர் போட்டால், அது வேறு யாருக்கோ போட்ட மலராகிவிடும். ஆகவே உடன்பிறந்த தம்பி என்ற உரிமையில் நான் எழுதுகிறேன். அண்ணியும் எழுதச் சொன்னார்.

அண்ணன் பிறந்த ஊரை இப்போது யாருக்கும் காட்ட முடியாது. முத்தாண்டிக்குப்பத்துக்கு இந்தப் பக்கம் இருந்த சின்னக் குடியிருப்பு அது. நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் முந்திரிக் கொல்லைகளில் கூலி வேலை செய்தவர்கள். அப்பா இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் ஊர் கூடி, கூலியில் மிச்சம் பிடித்து, சுடுகாட்டுக்கு ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை போட்டது. செங்கல் சுமந்தவர்களில் அப்பாவும் ஒருவர். அதற்குள் வைத்து எரிக்கப்பட்ட முதல் ஆளும் அவரேதான். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் நிலம் எடுப்பு வந்துவிட்டது. நிலம் வைத்திருந்தவர்கள் ஈட்டுத்தொகை வாங்கினார்கள். நிலமே இல்லாத நாங்கள் பானை சட்டியை எடுத்துக்கொண்டு நடந்தோம். சுரங்கம் தோண்டும் மிஷின் வந்து அந்தக் கொட்டகையைத் தள்ளிய அன்று அண்ணன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "கட்டாமயே இருந்திருக்கலாம்டா" என்றார். அவருக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. ஆனால் பிற்காலத்தில் அவர் எடுத்த முடிவு ஒன்று அன்றைக்கே அவர் மனதில் விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அம்மாவும் போன பிறகு அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டுச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாகச் சேர்ந்தார். கரி கொண்டுபோகும் பெல்ட்டிலிருந்து அடியில் கொட்டுவதை அள்ளி மேலே போடும் வேலை. அந்தக் கூலியில் என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். நான் ஃபிட்டராகி, நிரந்தரமாகி, சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸும் வாங்கினேன். அவர் கடைசி வரை நிரந்தரமாகவில்லை. அதனாலோ என்னவோ, என்னை ஊரறிய "பர்மனண்ட்டு" என்றுதான் கூப்பிடுவார். என் மகள் திருமணத்தில் மேடையிலேயே அப்படிக் கூப்பிட்டார். மதுரையிலிருந்து வந்திருந்த சம்பந்தி வீட்டார் அதுதான் என் பெயர் என்று எண்ணிக்கொண்டார்கள். அண்ணன் தொழிற்சங்கத்தில் உயர்ந்து, தேர்தலில் நின்று, சட்டமன்ற உறுப்பினரான அன்று கிண்டலுக்கு என் முறை வந்தது. மாலையைக் கழற்றுவதற்குள் பக்கத்தில் போய், "இப்ப நீயும் பர்மனண்ட் ஆயிட்ட அண்ணா" என்றேன். "போடா, இது அஞ்சு வருஷ கான்ட்ராக்ட்டு. ரினீவல் ஜனங்க கையில கீது" என்றார்.

அவருக்கு வேலை செய்யும் விதம் என்று ஒன்று இருந்தது. பரிந்துரைக் கடிதம் எழுதித் தரமாட்டார். கேட்டு வந்தவரையே வண்டியில் ஏற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய்விடுவார். கடுதாசி வாய் திறக்காது, ஆள்தான் பேசும் என்பார். அந்த வண்டியில் அவர் வசதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் மனுக் கொடுக்க வந்தவர்களே வண்டியை நிறைத்துவிட, அவர் பின்னால் பேருந்தில் நின்றுகொண்டு கடலூருக்குப் போனார். குள்ளஞ்சாவடிச் சந்தைக்குக் காய்கறிக் கூடையோடு போகும் பெண்கள் விடியற்காலையில் ஒரு பேருந்து கேட்டார்கள். அதை வாங்கிக் கொடுத்து, முதல் நாள் கூடைகளுக்கு நடுவில் தானும் போய் வந்தார். நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு விவசாயி ஒருவர் தொகுதி தெரியாமல் வந்தபோதுகூடத் திருப்பி அனுப்பவில்லை. டவுன்ஷிப்காரர்களிடம் மட்டும் கொஞ்சம் குத்தலாகப் பேசுவார். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, உங்களுக்கு எம்.எல்.ஏ. எதற்கு என்பார். சிரித்துக்கொண்டே கேட்டாலும் அதில் ஒரு வருத்தம் இருந்தது.

உயிரோடு இருப்பவனுக்கு முதலில் வேலை, அப்புறம் மனை, அப்புறம் தண்ணீர். அவர் வைத்திருந்த வரிசை அதுதான். அதோடு ஒரு கட்டுப்பாடும் வைத்திருந்தார். சுரங்கத்துக்கு எடுக்கப் போகிறார்கள் என்று சொல்லப்பட்ட மண்ணில் தொகுதி நிதியைப் போடமாட்டார். நாளைக்குத் தோண்டப் போகும் இடத்தில் இன்றைக்குக் கட்டடம் எழுப்புவது ஏழையின் பணத்தைக் குழியில் கொட்டுவது என்று அவர் திடமாக நம்பினார். கேட்டவர்களெல்லாம் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அது நியாயமாகத்தான் பட்டது.

கொல்லைமேடு அப்படிச் சொல்லப்பட்ட ஊர். எல்லாரும் கூலிக்காரர்கள். ஊருக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் ஒரு தாழ்ந்த நிலம். மழை பெய்தால் முழங்கால் சேறு. சுடுகாட்டில் தலைக்கு மேலே ஒன்றும் கிடையாது. அந்த ஊர்க்காரர் கண்ணுசாமி, அண்ணனோடு பெல்ட்டுக்கு அடியில் கரி அள்ளியவர். தேர்தலில் அண்ணனுக்காகத் தெருத்தெருவாக நடந்து செருப்பைத் தேய்த்தவர். தனக்கென்று எதுவும் கேட்காத அந்த மனிதர் ஊருக்காக ஒன்று கேட்டார். நான் உடன் இருந்தேன்.

"தலைவரே, உசுரோட கீறவனுக்கு எல்லாம் பண்ற. செத்தவனுக்கு ஒரு பாதையும் கூரையும் போட்டுக் குடு. மழையில பொணத்தத் தூக்கினு போவ முடியல."

"அது மிஷின் வரப்போற எடம் கண்ணுசாமி. இடிக்கறதுக்குன்னு கட்டச் சொல்றியா? எங்க ஊர்ல கட்டிப் பாத்தாச்சு" என்றார் அண்ணன்.

கண்ணுசாமி அடுத்த ஆண்டும் கேட்டார். அதே பதில். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. வருவார், டீ குடிப்பார், சங்கக் கதை பேசுவார், போவார். கேட்காமல் விட்டதை அண்ணன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டுகளில் கொல்லைமேட்டு இளைஞர்களுக்கு அண்ணன் வேலை வாங்கிக் கொடுத்தது உண்மைதான். அதைச் சொல்லியே மனதை ஆற்றிக்கொண்டார் போலிருக்கிறது. மிஷினோ வரவில்லை.

தீபாவளிக்கு முன்னால் பிடித்த அந்தப் பெருமழையை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த மழையில் கண்ணுசாமி காய்ச்சல் கண்டு இறந்தார். மழை விடட்டும் என்று உடலை வைத்திருந்தார்கள். விடவில்லை. அண்ணனும் நானும் போய்ச் சேர்ந்தபோது பாடையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார்கள். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தோள் கொடுத்தார். சுடுகாட்டில் லாரிக்குப் போடும் தார்ப்பாய் ஒன்றை நான்கு மூலையிலும் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு மூலை அண்ணன், ஒரு மூலை நான். மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், டயரைப் போட்டார்கள். புகைதான் வந்தது. விறகு நனைந்து போயிருந்தது. காற்று தார்ப்பாயைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. எரித்தே பழக்கப்பட்ட குடும்பம் அது. கடைசியில் குழி வெட்டினார்கள். வெட்ட வெட்டத் தண்ணீர் ஊறியது. அந்தத் தண்ணீரில்தான் கண்ணுசாமியை வைத்தோம்.

திரும்பி வந்து அவர் வீட்டு வாசலில் நின்றோம். கண்ணுசாமியின் மனைவி அஞ்சலை அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "மிஷின் வர்ற எடம்னுதான் நான் அப்ப..." என்பதுபோல ஒரு தொடக்கம். அஞ்சலை கோபப்படவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"மிஷினு வர்றப்ப வரட்டுங்கண்ணா. அது வர்ற வரைக்கும் நாங்க சாவாம இருந்துக்க முடியுங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நல்லவர் செய்த தவறும் தவறுதான். கண்ணுசாமிக்கு அது நடந்திருக்கக் கூடாது.

அதன் பிறகு அவர் ஓடிய ஓட்டத்தை நான் பார்த்தேன். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். அந்த ஆண்டின் நிதியை அவரே வேறு வேலைகளுக்கு ஒதுக்கியிருந்தார். மாற்றி எழுதி அனுப்பி, அது நகரத் தொடங்கும்போது தேர்தல் அறிவித்துவிட்டார்கள். கான்ட்ராக்ட் ரினீவல் ஆகவில்லை. முன்னாள் ஆன பிறகும் அலுவலகம் அலுவலகமாக ஏறினார். எல்லாரும் எழுந்து வணங்கி, உட்கார வைத்து, டீ கொடுத்து, மரியாதையாக ஒரே பதிலைச் சொன்னார்கள். "மிஷின் வரப்போற எடமாச்சுங்களே. நீங்களே வேணாம்னுதான சொல்லிகினு இருந்தீங்க?" அது அவருடைய சொந்த வாக்கியம். அதை அடுத்தவர் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு அவர் உள்ளுக்குள் தேய்ந்தார். சர்க்கரையும் சிறுநீரகமும் பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டன.

டயாலிசிஸுக்குப் போய்வந்த நாட்களில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "டேய் பர்மனண்ட்டு, என்னக் கொல்லமேட்டுல வச்சிக் கொளுத்து" என்றார். அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. டவுன்ஷிப்பில் கூரையும் குழாயுமாக நல்ல மயானம் இருக்கும்போது சேற்றில் கொண்டுபோய் வைப்பதா என்று அழுதார். அண்ணன் விடவில்லை. கண்ணுசாமிக்கு இல்லாதது தனக்கும் வேண்டாம் என்றார். இதனால் கண்ணுசாமிக்கு என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை.

அவர் போன அன்று வானம் கருத்துக் கிடந்தது. கட்சிக்காரர்களும் சங்கத்தினரும் உறவினர்களுமாக நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். தாழ்ந்த நிலத்தில் கால் புதையுமே என்று பயந்துகொண்டே போனேன். கொல்லைமேட்டு ஆட்கள் விடியற்காலையிலேயே செம்மண்ணும் சல்லியும் கொட்டி, மேலே முந்திரித் தழையைப் பரப்பி, பாதை மாதிரி ஒன்று செய்து வைத்திருந்தார்கள். சுடுகாட்டில் கண்ணுசாமியின் மகன் கக்கத்தில் எதையோ சுருட்டி வைத்துக்கொண்டு நின்றான். தார்ப்பாய். "மழ வந்தா புடிக்கலாம்னு எடுத்தாந்தோம்ங்க" என்றான். மழை வரவில்லை. ஆனாலும் தீ நன்றாகப் பிடிக்கும் வரை அவனும் ஊர்க்காரர் மூவரும் நான்கு பக்கமும் தயாராக நின்றார்கள். எனக்கு அங்கேதான் அழுகை வந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் காலை, வாடகைப் பந்தலைப் பிரிக்க ஆட்கள் வந்தார்கள். போல்ட்டைக் கழற்றினார்கள், குழாய்களை இறக்கினார்கள், தகரங்களை அடுக்கினார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே பந்தல் முழுவதும் ஒரு வண்டியில் ஏறிப் போய்விட்டது. நான் காபி டம்ளரோடு வாசலில் நின்றுவிட்டேன். இவ்வளவுதானே வேண்டியிருந்தது? மிஷின் வந்தால் கழற்றி எடுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கூரை. ஆயுள் முழுக்க போல்ட் மாட்டியே சம்பளம் வாங்கியவன் நான். ஐந்து வருடம் பந்தல் பந்தலாக நின்று பேசியவர் அண்ணன். கட்டினால் சுவர், இல்லையென்றால் ஒன்றுமில்லை என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தோம். இழந்த ஊர் அவர் கண்ணை மறைத்தது. அவர்மேல் வைத்த நம்பிக்கை என் கண்ணை மறைத்தது.

நோயுற்ற காலத்தில் கைவிடாத மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஷிப்ட் முடிந்த கையோடு வந்து அண்ணனைத் தூக்கி வண்டியில் ஏற்றிய எங்கள் பிளாக் நண்பர்களுக்கும், இரவு பகலாக அண்ணியோடு இருந்த உறவுப் பெண்களுக்கும், இறுதி வரை வந்து பார்த்துப்போன சங்கத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாதை போட்ட கொல்லைமேட்டு மக்களுக்கு நன்றி என்று எழுதினால் அது சின்னச் சொல்லாகிவிடும். அண்ணனுக்கு நினைவு மண்டபம் கட்டலாம் என்று சிலர் சொன்னீர்கள். அதற்குப் பதிலாக, என்னோடு ஓய்வு பெற்ற ஃபிட்டர், வெல்டர் நண்பர்களும் நானும் சேர்ந்து உழைத்து, ஊராட்சியிலும் சொல்லிவிட்டு, கொல்லைமேட்டுச் சுடுகாட்டில் இரும்புக் குழாயும் தகரமும் கொண்டு ஒரு கூரை நிறுத்தியிருக்கிறோம். எல்லாம் போல்ட்தான். மிஷின் வரும் அன்று கழற்றி, அவர்கள் போகிற ஊருக்கு எடுத்துப் போகலாம். பெயர் பொறித்த கல் எதுவும் வைக்கவில்லை. நினைவு நாள் படையல் முடிந்ததும் அங்கே போகிறோம். முடிந்தவர்கள் உடன் வாருங்கள்.

கடைசித் தகரத்தை முடுக்கிய அன்று அஞ்சலை வந்து பார்த்தார். பொதுவாகப் பெண்கள் வராத இடம். அவர் வந்தார். அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அப்புறம் கண்ணுசாமியைப் புதைத்த மேட்டைப் பார்த்தார். பிறகு அண்ணனை எரித்த, இன்னும் கருப்பு மாறாத தரையைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்குமே இல்லாமப் போச்சுங்களே தம்பி" என்றார்.