பொதுக்குழு சம்மதிக்கும்வரை

ராஜினாமா என்ற சொல்லின் மூலத்தை நான் தேடிப் பார்த்தது தென்காசி தனி மாவட்டமான வருஷத்தில். பாரசீகத்திலிருந்து வந்த சொல். ராஜி என்றால் சம்மதம், நாமா என்றால் எழுத்து. அந்தக் காலத்தில் குடியானவர் தன் நிலத்தை வேண்டாமென்று எழுதிக் கொடுத்ததும் ராஜினாமா. வழக்காடிய இருவர் சமாதானமாகி எழுதிக் கொடுத்ததும் ராஜினாமா. விலகுகிறவர் மட்டும் எழுதினால் போதாது, எதிரே இருப்பவரும் உடன்பட வேண்டும் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். அதோடு நின்றிருக்கலாம்.

குற்றாலத்தில் எங்கள் சங்கத்துக்குப் பதினான்கு அறைகள் கொண்ட விடுதி ஒன்று உண்டு. சாரல் காலத்தில் உறுப்பினர் குடும்பங்கள் வந்து தங்கும். எனக்கு முந்தைய செயலாளர் ஒருநாள் விலகல் கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுச் சாவிக்கொத்தோடு பெங்களூர் போய்விட்டார். பூட்டுகளை உடைத்துத்தான் அந்த சீசனை நடத்தினோம். அடுத்துச் செயலாளரான நான் ஒரு விதி சேர்த்தேன்: செயலாளரின் ராஜினாமா, குறைந்தது இருபத்தொரு பேர் கூடிய பொதுக்குழு சம்மதித்த பிறகே செல்லும். சொல்லின் பிறப்பையும் அடிக்குறிப்பாக எழுதினேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

பேரன் பிறந்தபோது மூன்று மாதத்துக்கென்று கோயம்புத்தூர் போன என் மனைவி, மகள் வேலைக்குத் திரும்பியதால் அங்கேயே இருக்கிறாள். இரண்டு வருஷமாகிறது. நானும் அங்கே போய்விட வேண்டும். போன வருஷம் ராஜினாமா கொடுத்தேன். வேறு ஆள் கிடைக்கட்டும் என்றார்கள். இந்த வருஷம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சம்மதிக்க வைத்து, கூட்டத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பொதுக்குழு வருஷத்துக்கு ஒருமுறை, ஆனி கடைசி ஞாயிறு, விடுதிக் கூடத்தில்தான் கூடும். இருபத்துநான்கு பேர் வந்திருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் என் ராஜினாமா ஏழாவது பொருள். ஐந்தாவது பொருளில் இருந்தபோது ஒரு உறுப்பினர் தலை நனைய உள்ளே வந்தார்.

"மெயினருவில தடைய எடுத்துட்டாங்க. தண்ணி இப்பம் கொறஞ்சிருக்கு. மறுபடி எப்பம் அடைப்பாங்களோ."

வெள்ளத்தால் மூன்று நாளாகக் குளிக்கத் தடை. நாற்காலிகள் நகர்ந்தன.

"ஏலே, எண்ணெய எடு."

"கூட்டம் முடியல," என்றேன்.

"ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்திருதோம் அண்ணாச்சி. ஒங்க விசயம் எங்க ஓடியா போவுது?"

துண்டோடு போனவர்களில் பாதிப் பேர் அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள். இருட்டுவதற்குள் கூடத்தில் நாங்கள் பன்னிரண்டு பேர்.

சங்கத் தலைவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "இருபத்தொண்ணுன்னு எழுதிக்கிடுங்க. நாங்க சம்மதிக்கோம். யாரு எண்ணப் போறா?"

மினிட் புத்தகமும் பேனாவும் என் கையில்தான் இருந்தன. ஆசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தேதி போட்டேன். வருகை பன்னிரண்டு என்று எழுதினேன். போதிய உறுப்பினர் இல்லாததால் ஏழாவது பொருள் அடுத்த பொதுக்குழுவுக்கு ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"நல்ல மனுசன் போங்க," என்று தலைவர் சிரித்தார். ஆசிரியர், அடுத்த வருஷம் பார்ப்போம் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பினார்.

மனைவி போனில் கேட்டாள். "என்னாச்சு?"

சொன்னேன்.

"பன்னெண்ட இருபத்தொண்ணுன்னு எழுதுனா கை வலிக்குமா?"

"தப்பாயிரும்லா."

அவள் பக்கத்தில் பேரன் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேம்லா, அதுக்கு நான் ஒரு ராஜினாமா எழுதித் தாரேன். அதுக்கும் இருபத்தொரு பேரு வேணுமா?"

போனை வைத்துவிட்டாள். அறைச் சாவிகளை எண்ணிப் பலகையில் மாட்டினேன். பதினான்கும் இருந்தன.