பூட்டனின் துவக்கு அனுமதி

“இத்துடன் பூட்டன்ரை துவக்குப் பத்திரமும் அனுப்பியிருக்கிறன். இதிலை வெள்ளைக்காரன்ரை முத்திரை இருக்கு. தம்பியின்ரை கேசுக்கு உதவும். கவனமாய் வைச்சிருங்கோ.”

யாழ்ப்பாணத்திலிருந்து மாமி, அதாவது அப்பாவின் அக்கா, எழுதிய கடிதத்தின் கடைசி வரிகள் இவை. துவக்கு என்றால் எங்கள் பக்கத்தில் துப்பாக்கி, பூட்டன் என்றால் அப்பாவின் தாத்தா. மேல் மூலையில் பங்குனி என்று மட்டும் இருக்கிறது. தேதியும் ஆண்டும் இல்லை. உறையில் தபால் முத்திரை விழுந்த மூலையை யாரோ கத்தரித்து எடுத்திருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான். அந்த வருடம் எனக்குத் தபால்தலை சேர்க்கும் பித்து. ஆகவே காலத்தை வேறு வழியில் கணிக்க வேண்டியிருக்கிறது. யூரோ இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். மாமி சொல்லும் தம்பி, அதாவது என் சித்தப்பா, பேர்லினுக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

பதிவேட்டின்படி அவர் நகரின் மறுகோடியில் இருந்த அகதிகள் விடுதியில் வசித்தார். நடைமுறையில் நொய்கெல்ன் பகுதியில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சோபாவில் வசித்தார். அவருடைய அகதி விண்ணப்பத்துக்கான நேர்காணல் நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கே அவர் சொல்வதை நம்பாவிட்டால் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவருடைய கோப்பு நாளுக்கு நாள் தடித்துக்கொண்டு வந்தது.

எங்கள் ஆட்களுக்கு ஆவணங்களை மதிப்பிட ஒரு தனி முறை உண்டு. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். எத்தனை முத்திரை, எவ்வளவு பழையது என்பதே முதல் கேள்வி. அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த கோப்பில் பிறப்புப் பதிவு, கிராம சேவகரின் கடிதம், சமாதான நீதவானின் கடிதம் ஆகியவற்றோடு பாடசாலை மரதன் ஓட்டத்தில் மூன்றாம் இடம் பெற்ற சான்றிதழும் இருந்தது. அதில் ஊதா முத்திரை இரண்டு. துவக்குப் பத்திரம் இவை எல்லாவற்றையும் ஓரம் கட்டியது. மஞ்சளித்த தடித்த தாள், தலைப்பில் கிரீடம், கீழே ஆங்கில அதிகாரி ஒருவரின் கிறுக்கல் கையொப்பம். பூட்டன் ஒற்றைக் குழல் துவக்கு ஒன்று வைத்திருக்க அரசாங்கம் அனுமதித்திருந்தது.

அம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

“அகதிக் கேசுக்குத் துவக்குக் கடுதாசியோ கொண்டுபோகப் போறியள்?”

“அண்ணி, துவக்கை விடுங்கோ, கிரீடத்தைப் பாருங்கோ. கண்டவன் நிண்டவனுக்கெல்லாம் வெள்ளைக்காரன் துவக்குக் குடுக்கேல்லை.”

“குடுத்து என்ன?” என்றார் அப்பா, வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டே. “கடைசியிலை பெடியளல்லோ வந்து கொண்டு போனவங்கள்.”

“அண்ணை, பிள்ளை இருக்கு.”

“பிள்ளைக்கு என்ன விளங்கப்போகுது?”

பெடியள் என்றால் இயக்கத்தார் என்று எனக்கு விளங்கும். எங்கள் வீடுகளில் அது விளங்காத பிள்ளை கிடையாது. ஆனால் அன்று என் கவனம் தாளில்தான் இருந்தது. அந்த வாரம் வரலாற்று வகுப்பில் நான் ஓர் உரை நிகழ்த்த வேண்டியிருந்தது. அமெரிக்காவில் துவக்கு வைத்திருப்பது ஏன் ஓர் உரிமையாக இருக்கிறது என்பது எனக்குக் கிடைத்த தலைப்பு. நூலகத்திலிருந்து நான்கு புத்தகங்கள் எடுத்திருந்தேன். 1689இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் புரட்டஸ்தாந்துக் குடிகள் தற்காப்புக்கு ஆயுதம் வைத்திருக்கலாம் என்றது. சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, அவரவர் தகுதிக்கு ஏற்ப, என்று ஒரு கொக்கியையும் மாட்டிவைத்தது. கடல் கடந்த குடியேற்றங்களில் அது உரிமை என்பதைவிடக் கடமையாகவே இருந்தது. வர்ஜீனியாவில் ஆண்கள் தேவாலயத்துக்கே துவக்கோடு வரவேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். அடிமைகளுக்கு அது கிடையாது. 1791இல் அந்தப் பழக்கம் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தில் உரிமையாக ஏறியது.

பன்னிரண்டு வயதுக்கு இவ்வளவு போதும். நான் போதும் என்று விடவில்லை. அதே கிரீடம், அதே ஆட்சியாளர்கள், ஆகவே இலங்கையில் என் பூட்டனுக்கும் அதே உரிமை இருந்தது என்று முடித்து, பத்திரத்தின் பிரதியை வகுப்பில் காட்டினேன். நல்ல புள்ளி கிடைத்தது. ஆனால் ஆசிரியை என் முடிவுரையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: உரிமையா, அனுமதியா? புள்ளியைக் குறைக்கக் காரணம் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இலங்கையில் அனுமதி இல்லாமல் துவக்கு வைத்திருக்கக் கூடாது என்று 1916ஆம் ஆண்டிலேயே வெள்ளையர் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்திருந்ததைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சித்தப்பாவுக்கு வழக்கறிஞரிடம் டெர்மின். நேர்காணலுக்கு முன் கோப்பைச் சரிபார்க்கும் சந்திப்பு அது. வழக்கறிஞர் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்குசெய்யத் தயாராக இருந்தார். சித்தப்பாதான் வேண்டாம் என்றார். அந்த மனிதர் எங்கள் கோயிலுக்கு வருபவர். “அவருக்குச் சொன்னால் வெள்ளிக்கிழமைப் பூசைக்கு முதல் ஊருக்கே தெரிஞ்சிடும். எனக்குப் பிள்ளை காணும்” என்றார். ரகசியம் காப்பதற்காக என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

வழக்கறிஞர் மெலிந்த, பொறுமையான பெண். ஒவ்வொரு தாளாக எடுத்து இது என்ன என்று கேட்டார். மரதன் சான்றிதழை நான் மொழிபெயர்த்தபோது லேசாகச் சிரித்தார். பிறகு துவக்குப் பத்திரம் வந்தது.

“எங்கட குடும்பம் மரியாதையான குடும்பம் எண்டு சொல்லு, பிள்ளை.”

அதைச் சொன்னேன். கூடவே 1689, வர்ஜீனியா, 1791 எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, அந்தத் துவக்கு இப்போது எங்கே என்றார்.

கேள்வியைத் தமிழில் சொன்னேன். சித்தப்பா கோப்பின் நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

“பொலிசிலை ஒப்படைச்சாச்சு எண்டு சொல்லு.”

இரண்டு மூலங்கள் முரண்பட்டால் ஒன்றை மறைக்கக் கூடாது, இரண்டையும் குறிப்பிட வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். நான் அப்படியே செய்தேன். பொலிசில் ஒப்படைத்ததாகச் சித்தப்பா சொல்கிறார், இயக்கத்தார் கொண்டுபோனதாக அப்பா சொல்கிறார் என்றேன். சுத்தமான ஜெர்மனில், பிறர் கூற்றைச் சொல்வதற்கான வினைவடிவம் பிசகாமல் சொன்னேன்.

வழக்கறிஞர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். கொண்டுபோனார்களா அல்லது கொடுக்கப்பட்டதா என்று கேட்டார். நல்ல கேள்வியாக எனக்குப் பட்டது. கொடுத்திருந்தால் அது இயக்கத்துக்கு உதவியதாக ஆகும் என்பது என் தலையில் ஏறவில்லை. என்னிடம் அந்தத் தகவல் இல்லை. சித்தப்பாவிடம் திரும்பி, “பெடியள் எடுத்ததோ, நீங்கள் குடுத்ததோ எண்டு கேக்கிறா” என்றேன்.

அவர் முகம் மாறியது.

“நீ என்ன சொன்னனி?”

“உள்ளதைத்தான், சித்தப்பா. அப்பா சொன்னதையும் சேர்த்துச் சொன்னனான்.”

“ஐயோ, பிள்ளை.”

வழக்கறிஞர் என்னை வெளியே அமரச் சொன்னார். அதற்கு முன், இங்கே சொன்னது இந்த அறையைத் தாண்டாது என்று சித்தப்பாவிடம் சொல்லச் சொல்லி, அதை என்னிடம் இரண்டு முறை சொன்னார். அதையும் சரியாகவே மொழிபெயர்த்தேன். பிறகு தொலைபேசியை எடுத்தார். ஒரு மணி நேரத்துக்குள் மொழிபெயர்ப்பாளர் வந்தார். எங்கள் கோயிலுக்கு வரும் அதே மனிதர். நடையில் என்னைக் கண்டு, “அட, நீரோ? அப்பா சுகமோ?” என்று விசாரித்துவிட்டு உள்ளே போனார். கதவு நெடுநேரம் மூடியே இருந்தது.

திரும்பும் வழியில் பேருந்தில் சித்தப்பா ஒரே ஒரு முறை பேசினார். “பசிக்குதோ?”

“ஓம்” என்றேன்.

அதன் பிறகு எந்தச் சந்திப்புக்கும் அவர் என்னை அழைக்கவில்லை. என் ஜெர்மன் போதவில்லை என்றுதான் எண்ணிக்கொண்டேன். ரோசத்தோடு அகராதியை வைத்துச் சட்டச் சொற்களை மனனம் செய்தேன். துவக்குப் பத்திரம் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டு அம்மாவின் அலுமாரிக்குப் போனது. விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது. அந்தக் கடிதம் வந்த நாள் சித்தப்பா சோபாவில் சப்பாத்தோடு இருந்தார், கழற்றவில்லை. மேல்முறையீடு செய்து, மேலும் மூன்று குளிர்காலங்கள் கழித்து வதிவிட அனுமதி கிடைத்தது. நிராகரிப்புக் கடிதத்தை நான் பின்னாளில் வரி வரியாகப் படித்திருக்கிறேன். துவக்கைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால், நேர்காணலில் சித்தப்பா சில இடங்களில் தயங்கித் தயங்கிப் பேசியது நம்பகத்தன்மையைக் குறைப்பதாக ஒரு பத்தி இருக்கிறது. முன்பு எங்கள் வீட்டில் அதிகம் பேசுபவர் அவர்தான்.

அப்பா இப்போது இல்லை. போன மாசியில், குடும்பக் குறிப்புகளைத் தொகுக்கும் சாக்கில், சித்தப்பாவின் வீட்டுக்குப் போனேன். ஜெர்மன் கடவுச்சீட்டுப் பெற்றுப் பல வருடங்கள் ஆகியும் அவர் குரலைத் தாழ்த்தித்தான் இந்தப் பேச்சைப் பேசுகிறார்.

“எந்தத் துவக்கு?” என்றார். “எங்கட வீட்டிலை துவக்கே இருக்கேல்லை. பூட்டன் லைசென்ஸ் மட்டும்தான் எடுத்தவர். கடுதாசியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவைச்சவர், அவ்வளவுதான்.”

“அப்ப ஏன் பொலிசிலை ஒப்படைச்சது எண்டு சொன்னீங்கள்?”

அவர் சிரித்தார். “இதையெல்லாம் எழுதப் போறியோ?”

“ஓம்.”

“அப்ப இருக்கேல்லை எண்டு எழுது.”

பொலிசுக்குப் போன துவக்கு, இயக்கத்துக்குப் போன துவக்கு, இல்லாத துவக்கு என்று என் குறிப்பேட்டில் இப்போது மூன்று பதிவுகள் உள்ளன. அன்று வழக்கறிஞரின் அறையில் நான் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தப்பா நாடு கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே வேலை இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. மாமிக்கு இரண்டு முறை எழுதினேன். உடல்நலம், மழை, அயலில் நடந்த கல்யாணம் எல்லாம் எழுதினார். துவக்கைப் பற்றி எழுதவில்லை. பூட்டன் அதை வாங்கினாரா, வாங்கியிருந்தால் கடைசியில் யார் கையில் கொடுக்கப்பட்டது அல்லது யாரால் எடுக்கப்பட்டது என்பவை இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.