வெளியே ஒருத்தன் வச்சிருக்கான்

“கிண்ணத்தைக் கழுவி நானே கொண்டுவந்து தரணுமா, நீங்க வந்து வாங்கிக்குவீங்களா?”

பக்கத்து வீட்டு அம்மாள் நீட்டிய கை நீட்டியபடியே நிற்கிறது. கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்று சாவடி மேடம் இன்னும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் வராமல் தொடவும் மாட்டார். “அதுக்கென்னங்க, எப்போ வேணா குடுங்க” என்பது அவரைப் பொறுத்தவரை பதிலே இல்லை. “எப்போ வேணான்னா, நீங்க பாத்துக்குவீங்கன்னு நான் இருந்துடுவேன், நான் பாத்துக்குவேன்னு நீங்க இருந்துடுவீங்க. கிண்ணம் அனாதையா கிடக்கும். இல்லேன்னா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தேடுவோம். அது அதைவிட வம்பு.” பக்கத்து வீட்டு அம்மாளுக்கு இது பழக்கம்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும், ஏதோ சொத்தைப் பிரித்துக்கொடுக்க வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு “நானே வந்து வாங்கிக்கறேன்” என்று உறுதிமொழி கொடுத்துவிட்டுப் போகிறார்.

சாவடி என்பது அலுவலகத்தார் வைத்த பெயர். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் எதையும் நிறுத்தி, இறக்கி, அளந்து, முத்திரை குத்தாமல் விடமாட்டார் என்பதால். பெயர் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். மேடமோ அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேலே தொங்கி, நாடித்துடிப்பையும் மூச்சையும் பச்சைக் கோடாக ஓட்டிக் காட்டும் பெட்டிகளைச் செய்யும் நிறுவனம் அது. பெட்டிக்குள் இரண்டு குடித்தனம். கீழ்வீட்டில் பழைய கணினி நிரல். முரட்டு மனிதர், சொன்ன வேலையை நொடியில் முடிப்பார், ஆனால் எடுத்ததை எடுத்த இடத்தில் அவரே திருப்பி வைத்தால்தான் உண்டு, கேட்க ஆளில்லை. மேல்வீட்டில் புது நிரல். அழகான திரை, பெரிய எழுத்து, நாசூக்கு. அந்த வீட்டம்மாள் போட்டது போட்டபடி போய்விடுவாள். பின்னாலேயே ஒரு வேலையாள் வந்து வேண்டாததைத் தூக்கிப் போட்டு, வேண்டியதை ஒரு மூலையில் ஒழுங்காக அடுக்கி வைப்பான். கீழ்வீடும் மேல்வீடும் ஒருவர் பேச்சை மற்றவர் அறியாதவர்கள். நடுவில், மாடிப்படியில், சாவடி மேடம்.

படியில் என்ன அப்படிப் பெரிய வேலை என்று கேட்பவர்கள் உண்டு. “ஆம்” என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்வீட்டில் அதற்கு நினைவகத்தில் ஒரு கட்டம் போதும். கீழ்வீட்டுக்காரர் நான்கு கட்டம் பார்ப்பார். மேலே இருப்பவள் ஒரு கட்டத்தில் “இல்லை” என்று வைத்து அனுப்பினால், இவர் பக்கத்தில் கிடக்கும் மூன்று கட்டக் குப்பையையும் சேர்த்துப் படித்துவிட்டு “ஆம்” என்பார். அலாரம் அடிக்கட்டுமா என்பதற்கான “ஆம்” அது. பெயர்களின் கதை இன்னும் மோசம். கீழ்வீட்டுக்காரர் வாசிக்கத் தொடங்கினால் பூஜ்யம் ஒன்று குறுக்கே வரும்வரை நிறுத்தமாட்டார். பூஜ்யம் வைக்க மறந்து ஒரு நோயாளியின் பெயரை அனுப்பினால், அவர் பெயர், அடுத்த கட்டில்காரர் பெயர், மருந்தின் பெயர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒரே ஆளின் பெயராக வாசித்துத் தள்ளிவிடுவார். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அளவு மாற்றி, உடை மாற்றி, படியிறக்கி அனுப்புவதுதான் மேடத்தின் பிழைப்பு. சரியாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. அவருடைய வாழ்நாள் சாதனை, எதுவும் நடக்கவில்லை என்பது.

ஆனால் மேடத்தின் தூக்கத்தைக் கெடுப்பது விலாசம். பெரிய பொருளை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போக முடியாது. “இன்ன இடத்தில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்” என்று விலாசத்தை மட்டும் கீழ்வீட்டுக்காரரிடம் கொடுப்பார்கள். நிரல் எழுதுபவர்கள் பாயிண்டர் என்று சொல்வது அவ்வளவுதான். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். இதற்குள் மேல்வீட்டு வேலையாள் ஒழுங்குபடுத்துகிறேன் என்று பொருளை வேறு மூலைக்கு நகர்த்துவான். நல்லவன்தான், மேல்வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் புது இடத்தைச் சொல்லிவிடுவான். வெளியே ஒருவர் பழைய விலாசத்தோடு அலைவது மட்டும் அவனுக்குத் தெரியாது. அதனால்தான் விலாசம் கொடுக்கும் பொருளை, கீழ்வீட்டுக்காரர் “முடிந்தது” என்று சொல்லும்வரை, மேடம் நகராமல் குத்தி வைப்பார். ஒரே ஒரு வரி நிரல். பார்த்தால் எதையும் செய்யாத வரி.

வேகத்தின் மீது தீராத காதல் கொண்ட குழுத் தலைவர் ஒருநாள் அந்த வரியை எடுத்துவிட்டார். சோதனை அறையில் இரண்டு கட்டில். ஒன்றில், இதற்கென்றே அழைத்துவந்த ஒருவர் கையில் பட்டையோடு படுத்திருந்தார். இன்னொன்று காலி. திரையில் காலிக் கட்டிலுக்கு நாடித்துடிப்பு ஓடியது. அதுவும் நல்ல ஆரோக்கியமான துடிப்பு.

“பாருங்க மேடம், எவ்வளவு வேகமா ஓடுது!”

“கட்டில்ல யாரு சார்?”

“யாருமில்லையே.”

“அப்போ யாரோட நாடி?”

குழுத் தலைவர் காலிக் கட்டிலைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார். “பெட்டி பட்டுனு நின்னு போயிருந்தா நிம்மதி சார்,” என்றார் மேடம். “யாராவது ஓடிவருவாங்க. இது நிக்கல. பழைய விலாசத்துல வேற ஒருத்தர் உக்காந்துக்கிட்டு பதில் சொல்றாரு.” அந்த வரி அன்றே திரும்பி வந்தது.

வீட்டில் மேடத்துக்கு இப்படிப்பட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரில் பாதிப்பேர் அவர் தயவில்தான் எதிரே வருபவரை அடையாளம் காண்கிறார்கள். மகள் கல்லூரிக்குப் போகிறாள். கூடத்தில் கம்பி வைத்த பழைய தொலைபேசி ஒன்று இருந்தது. வேலைக்குக் கிளம்பும்போது மேடம் அதைத் தூக்கிக் காதில் வைத்து, சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு வைப்பார். “அம்மா, பல்ஸ் இருக்கா?” என்பாள் மகள். மேடம் சிரிக்காமல் “இருக்கு” என்பார்.

அந்த எண் மேடத்தின் தம்பியிடம் இருந்தது. வேறு எந்த எண்ணும் அவனிடம் இல்லை. அவன் அத்தானின் கடையில்தான் வில்லைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கைப்பழக்கம் குறைவு, கனவு அதிகம். ஒரு நாள் வலது கண்ணின் வில்லையை இடது கண்ணில் மாட்டிக் கொடுத்துவிட்டான். கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது அத்தான் சொன்னது: “அக்கா வீட்டுல ஒட்டிக்கிட்டு இருக்கிறவனுக்கு எதுக்குடா கண்ணு?” தம்பி கடை மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனான். பிறகு எப்போதாவது, எங்கிருந்தோ, கூப்பிடுவான். “அக்கா, நல்லா இருக்கியா? பாப்பா நல்லா இருக்காளா? வைக்கறேன்.” எங்கே இருக்கிறாய் என்று மேடம் கேட்டதில்லை, கேட்டால் கூப்பிடுவதையும் நிறுத்திவிடுவான். கணவர் எடுத்தால் ஒன்றும் பேசாமல் துண்டித்துவிடுவான். “ராங் நம்பர்” என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்க அதில் ஒன்றும் இருக்காது.

இந்த ஆண்டு புது வீட்டுக்கு மாறினார்கள். கணவரின் முழங்காலுக்கு லிஃப்ட், மகளுக்குத் தனி அறை. எல்லோருக்கும் புது விலாசம் சொல்லியாயிற்று: வங்கி, கல்லூரி, கண்ணாடிக் கம்பெனி, ஒன்றுவிட்ட சித்தப்பாவரை. மேடம் தொலைபேசியைப் பெட்டியில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வந்து பார்த்தால், சுவரில் அதற்கான துளையே இல்லை.

“பழைய நம்பரை இங்கே எப்போ குடுப்பாங்க?”

“எந்த நம்பர்?” என்றார் கணவர். “ஓ, அதுவா? வேணுமா வேணாமான்னு கேட்டாங்க. வேணாம்னுட்டேன். யாரும்மா அதுல பேசறாங்க? நீ பேசறியா, நான் பேசறேனா, இவ பேசறாளா?”

“நாம யாரும் பேசறதில்லைங்க. வெளியே ஒருத்தன் வச்சிருக்கான்.”

“சத்தியமா ஞாபகம் இல்லைம்மா,” என்றார் கணவர். அது உண்மை என்பதுதான் மேடத்தை அதிகம் வருத்தியது. கோபத்தில் செய்திருந்தால், அவன் அவர் நினைவிலாவது இருந்திருப்பான்.

“மாமாவுக்கு என் நம்பரைக் குடுத்திருக்கலாம்ல?” என்றாள் மகள்.

“அவன் கடைசியா கூப்பிட்டப்போ, நீ ஸ்கூல்ல சேர்ந்துட்டியான்னு கேட்டான்,” என்றார் மேடம்.

தொலைபேசிக் கம்பெனிப் பெண் தேன் ஒழுகப் பேசினாள். அந்த எண் வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது. யாருக்கு என்று சொல்ல அனுமதியில்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா? வேண்டியிருக்கவில்லை. மணி அடித்து யாரும் எடுக்காமல் போனால் மேடம் பயப்பட்டிருக்கமாட்டார். யாரோ எடுப்பார்கள். “அப்படி யாரும் இங்கே இல்லை” என்பார்கள். தம்பி அதை அத்தானின் வாக்காகவே எடுத்துக்கொள்வான். அதற்குப்பின் அவன் எங்கும் கூப்பிட வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிரிக்காத பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து, செல்போனில் தன் பழைய எண்ணையே அழுத்தினார். கணவர் முக்காலிமேல் நின்று திரைச்சீலைக் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் காற்றடிக்கும் இயந்திரத்தின் இரைச்சல் அறையை நிறைத்தது.

“டயர் கடை! சொல்லுங்க!”

“இந்த நம்பர் உங்களுக்குப் புதுசுதானே?”

“ஆமாங்க. யாரு?”

“முன்னாடி என்னோடது.”

“அய்யய்யோ, திருப்பிக் கேக்காதீங்கம்மா, போர்டுல பெருசா எழுதியாச்சு!”

“வேணாம், நீங்களே வச்சுக்கோங்க. என் தம்பி இதுல கூப்பிடுவான். ராங் நம்பர்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

“எப்போ கூப்பிடுவாரு?”

“தெரியாது.”

“எங்கேருந்து?”

“அதுவும் தெரியாது.”

“நல்ல தம்பிம்மா! பேராவது தெரியுமா?”

மேடம் பேரைச் சொன்னார். எழுத்து எழுத்தாகச் சொன்னார். செல்போன் எண்ணையும் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். “நீங்க இல்லாதப்போ யாரு எடுப்பாங்க?”

“என் மச்சினன். என் சம்சாரத்தோட தம்பி. நம்ம கூடவேதான் கிடக்கிறான். லாரி டயரைக் கொண்டுபோய் காருக்கு மாட்டற ஆளு. என்ன பண்றது, நம்ம பயலாச்சே! போன் மட்டும் நல்லா எடுப்பான். டேய், இங்க வாடா, இதைச் சுவத்துல எழுது... எழுதறான்மா. சரி, அவரு கூப்பிட்டா என்ன சொல்லட்டும்?”

காற்றடிக்கும் சத்தம் நின்றது. அந்தப் பக்கத்தில் ஒருவர் சுவரில் ஏதோ எழுதும் கிறீச்சொலி கேட்டது.

“அம்மா? இருக்கீங்களா? என்ன சொல்லணும்?”

திருகிக்கொண்டிருந்த கம்பியைப் பாதியில் தொங்க விட்டுவிட்டு, கணவர் முழங்காலைப் பிடித்தபடி முக்காலியிலிருந்து இறங்கினார். கையிலிருந்த சுண்ணாம்புத் தூளை வேட்டியில் துடைத்தார். மேடத்தின் எதிரே வந்து நின்று, போனுக்காகக் கையை நீட்டினார்.