ஊர்காவற்றுறையில் அலாரம் அடித்த மூன்று காலைகள்

யாராவது நேரம் கேட்டால் டெனிஸ்ரன் 'எட்டு மணி' என்று சொன்னதே கிடையாது. 'ஏழு ஐம்பத்தெட்டு' என்றுதான் சொல்லுவான். ஐந்தாம் வகுப்பிலிருந்தே அப்படி. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் என்பதால் அதை ஒரு வியாதி என்று சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை.

பௌதிகம் படித்தவனுக்கு ஊர்க் கரையிலேயே அணு ஆராய்ச்சி வேலை கிடைத்தது. அப்படித்தான் அவனுடைய அம்மா சொல்லித் திரிந்தார். காற்றில் கதிர்வீச்சு கூடுகிறதா என்று பார்க்க, கொழும்பு ஆராய்ச்சி நிலையமொன்று கடலோரத்தில் ஒரு மானிப் பெட்டியை நிறுத்தியிருந்தது. அளப்பது, கணக்கிடுவது, கொழும்புக்கு அனுப்புவது எல்லாம் கணினி. மானியின் மேலிருந்த காக எச்சத்தைத் துடைப்பது டெனிஸ்ரன். அதற்கு நான்கு வருடப் படிப்பு கொஞ்சம் அதிகம்தான் என்று அவனுக்கே தோன்றும்.

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு மானியின் அலாரம் அடித்தது. ஏழு ஐம்பதுக்கு நின்றது. செவ்வாயும் அப்படியே. காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொழும்பிலிருந்து செய்தி வந்தது. டெனிஸ்ரன் காற்றுத் திசையை வரைந்து பார்த்து, கடல் கடந்து ஏதோ வருகிறது என்று முடிவுகட்டி, மீனவர் சங்கத்தில் போய்ச் சொல்லியும்விட்டான். அன்று நண்டு ஏற்ற வந்த லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது.

புதன்கிழமை அலாரம் அடித்தபோதுதான் வேலிக்கு வெளியே எட்டிப் பார்க்கும் புத்தி வந்தது. பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கும் மேரிஜோசப்பின் என்ற பெண்மணி வேலியோடு சாய்ந்து இருந்தார்.

"கழுத்துக் கட்டிக்குக் கதிர்வீச்சு மருந்து குடிச்சனான் தம்பி. கொஞ்ச நாளைக்குப் பிள்ளையளுக்குக் கிட்டப் போகக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். பேரப்பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுமட்டும் இதிலை இருக்கிறன். ஒருத்தரும் வராத இடம்தானே?" குரலைத் தாழ்த்தினார். "வெளியிலை சொல்லிப்போடாதையும். சின்ன மகள் கிறிஸ்ரினாவுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம்."

"ஓம் அக்கா, சொல்லமாட்டன்."

அந்த வாக்கு ஒரு மணித்தியாலம் தாக்குப்பிடித்தது. இறங்குதுறையில் சங்கத் தலைவர் இராயப்பு நின்றார்.

"என்னடா தம்பி, கடல் வெடிச்சிட்டுதோ?"

"இல்லை அண்ணை. காத்திலை ஒண்டுமில்லை. நண்டை விக்கலாம்."

"அப்ப உன்ரை பெட்டி பழுது."

"பெட்டி பழுதில்லை அண்ணை."

"அப்ப நீதான் பழுது!"

நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

நண்டு வியாபாரம் தப்பிவிட்டது. அவன் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். ஆனால் ஒரு பட்டதாரியைப் பார்த்தல்லவா சிரிக்கிறார்கள்! கதிர்வீச்சு மருந்து குடித்த ஒருவர் வேலியோரம் இருந்ததால்தான் அலாரம் அடித்தது என்று விளக்கினான். "ஆரடா அது?" என்றார் இராயப்பு. பெயரையும் சொன்னான்.

கணினி யாருடைய பெயரையும் கேட்கவில்லை. 'மருத்துவக் காரணம்' என்று நிரப்பியதும் அதற்குப் போதுமாக இருந்தது. கொழும்பு அவனைப் பாராட்டியது. அடுத்த ஞாயிறு கிறிஸ்ரினாவைப் பார்க்க வரவிருந்தவர்கள் வரவில்லை.

தை மாதம் அவனுக்குக் கொழும்புக்கு இடமாற்றம் கிடைத்தது. பஸ் ஏறுமுன் மேரிஜோசப்பின் வீட்டு வாசல் படலைவரை போனான். அவர் பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி?"

"சுகமோ அக்கா?"

"இப்ப சுகம். போயிட்டு வாரும்."

கேட்கப் போன மன்னிப்பை அப்படியே கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டான். இரண்டு வருடமாகிறது. லீவில் வரும்போதெல்லாம் அவர் வீட்டு ஒழுங்கையை விட்டு, கடற்கரையால் சுற்றித்தான் வீட்டுக்குப் போகிறான்.