தழும்பு இல்லாத படம்

காலை ஏழு நாற்பது. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், அந்த நிமிடத்தில் நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். போன வருடம் சித்திரை மாதப் பௌர்ணமி அன்று, திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையைத் தாண்டி, ஒரு புளியமரத்தடியில் நின்றிருந்தேன். என்னோடு நடந்து வந்தவள் என் பத்து வயது மகள்.

எங்களுக்கு வீடு ஊரை ஒட்டிய வேங்கிக்காலில். மனைவிக்கு முழங்கால் வீங்கியிருந்ததால் அன்று நாங்கள் இருவர் மட்டும்தான். ஐந்தரைக்கு ராஜகோபுரத்தின் முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். மகளுக்கு அதுதான் முதல் கிரிவலம். பாதி தூரம் வரை ஒரு தடவைகூடக் கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

என் மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேலுதடு பிளந்த நிலையில் பிறந்தவள். மூன்று அறுவைச் சிகிச்சைகள் நடந்து, இப்போது உதட்டிலிருந்து மூக்கு வரை ஒரு தழும்பு இருக்கிறது. மூக்கு இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். அண்ணத்திலும் பிளவு இருந்ததால் பேசும்போது காற்று மூக்கு வழியாகப் போய்விடும். வீட்டில் எங்களுக்கு எல்லாம் புரியும். புதிதாகக் கேட்பவர்களுக்குப் புரியாது. அவர்கள் இரண்டு முறை “என்ன?” என்று கேட்டால் மூன்றாவது முறை அவள் வாயே திறக்க மாட்டாள்.

இனி என்னைப் பற்றி. எனக்கு அவளைப் படம் எடுக்கப் பிடிக்கும். எடுத்த படத்தைத் திருத்துவதும் எப்படியோ பழக்கமாகிவிட்டது. ஆரம்பத்தில் வெளிச்சத்தை மட்டும் கூட்டினேன். பிறகு கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை எடுத்தேன். ஒருநாள், செய்துதான் பார்ப்போமே என்று தழும்பின் மேல் விரலை வைத்துத் தேய்த்தேன். போய்விட்டது. அடுத்த மாதம் மூக்கையும் நேராக்கக் கற்றுக்கொண்டேன். திருத்திய படத்தைத்தான் உறவினர்களுக்கு அனுப்புவேன், ஸ்டேட்டஸில் வைப்பேன். திருத்தாததை உடனே அழித்துவிடுவேன். கைப்பேசியில் இடம் இல்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொள்வேன்.

என் மனைவி இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள். “என்னங்க, இன்னிக்கும் புள்ளையக் கழுவியாச்சா?” என்பாள். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். ஒருமுறை மகளிடமே அவளுடைய பிறந்தநாள் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இவ அழகா இருக்கா” என்றாள். அவள் சொன்ன விதம் அன்று எனக்கு உறைக்கவில்லை.

அந்தக் காலையில் ஒரு வேனில் எலுமிச்சை சாதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு தொன்னை வாங்கி மரத்தடியில் நின்று சாப்பிட்டோம். அவளுக்குப் பின்னால் மலை முழுவதும் வெயில் பட்டு நின்றது. தொன்னையும் கையுமாக அவளை ஒரு படம் எடுத்தேன். மலை அவ்வளவு அழகாக வந்திருந்தது. உடனே ஸ்டேட்டஸில் வைக்க வேண்டும் என்று தோன்றியது. அங்கேயே நின்று தழும்பை எடுத்தேன், மூக்கைச் சரிசெய்தேன், கன்னத்தில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையையும் எடுத்தேன். புதியதைச் சேமித்தேன். பழையதை அழித்தேன்.

நிமிர்ந்தபோது மகள் இல்லை.

முதலில் பயம் வரவில்லை. வேன் பக்கம் பார்த்தேன், மரத்துக்குப் பின்னால் பார்த்தேன். பிறகு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பாதை முழுக்க ஜனம் ஆறு போல ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. நூறு அடி முன்னால் ஓடினேன், திரும்ப வந்தேன். அவளைப் போலவே பச்சைப் பாவாடை உடுத்திய குழந்தைகள் அத்தனை பேர் இருப்பார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

கொஞ்ச தூரத்தில் காவல்துறை உதவி மையம் ஒன்று இருந்தது. அங்கிருந்த பெண் காவலருக்கு முப்பது வயதுகூட இருக்காது. என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். போட்டோ இருக்கிறதா என்றார். சற்று முன் எடுத்ததே இருந்தது. அதைப் பாதை முழுவதும் இருந்த காவலர்களுக்கும் தொண்டர்களுக்கும் அனுப்பினார். அடையாளம் கேட்டார். பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை என்றேன். “போன் நம்பர் கேட்டா சொல்லுமா சார்?” என்றார். “கொஞ்சம் மெதுவாத்தான் பேசுவா” என்றேன். உறவினர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம், அதுவாகவே வாயில் வந்துவிட்டது.

ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொன்னார்கள். எட்டரை ஆனது. வெயில் ஏறியது. கிரிவலத்தில் யாரும் செருப்பு போடுவதில்லை. என் உள்ளங்காலே தார்ச் சாலையில் நிற்க முடியாமல் மாறி மாறி எடுத்து வைத்தது. பத்து வயதுக் கால் எங்கே சுட்டுக்கொண்டு நிற்கிறதோ என்ற நினைப்பு வந்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை.

மனைவிக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. கூப்பிட்டேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை.

“போலீஸ்ல எந்த போட்டோ குடுத்தீங்க?”

“இன்னிக்கு எடுத்ததுதான்.”

“கழுவினதா?”

நான் பதில் சொல்வதற்குள் பெண் காவலர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். போனை வைத்துவிட்டு ஓடினேன். அவர் முகத்தில் நல்ல சேதி எதுவும் இல்லை.

“வாயு லிங்கத்தாண்ட ஒரு மோர்ப்பந்தல்ல ஒரு பொண்ணு நின்னு அழுதுனு இருந்துச்சாம் சார். பாவாடை பச்சைதான். ஆனா உங்க பொண்ணு இல்ல. உதட்டு மேல தழும்பு இருக்குதாம். பேசறது யாருக்கும் புரியலையாம். தொண்டரு நீங்க குடுத்த போட்டோவ அந்தப் பொண்ணுகிட்டயே காட்டி, இது நீயாம்மானு கேட்டிருக்காரு. இல்லனு தலையாட்டிச்சாம். மனசத் தளர விடாதீங்க, பாத்துடலாம்.”

எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் அவர் அதைச் சொன்னார்.

இதை எழுதும்போதும் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்துபோய் அவள் தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன். அழுதுகொண்டு நிற்கும் பிள்ளையிடம் அவளுடைய அப்பா கொடுத்த படத்தைக் காட்டுகிறார்கள். அவள் அதை நன்றாகப் பார்த்து, இது நான் இல்லை என்கிறாள். பொய் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. உண்மையாகவே அது அவள் இல்லை.

“அது என் பொண்ணுதாம்மா” என்றேன்.

“சார்?”

“தழும்பு இருக்கு. நான்தான் போட்டோல எடுத்துட்டேன்.”

பக்கத்தில் இன்னும் இரண்டு காவலர்களும், குழந்தையைத் தூக்கிவைத்திருந்த ஒரு குடும்பமும் நின்றிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பத்து வருடமாக யாருக்கும் தெரியக்கூடாது என்று எதை மறைத்தேனோ, அதை அத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொன்னேன். இடது பக்கம் தழும்பு, மூக்கு சாய்ந்திருக்கும், பேச்சு மூக்கால் வரும், பொறுமையாகக் கேட்டால் புரியும் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்தப் பெண் காவலர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. உடனே மோர்ப்பந்தலுக்குப் போன் போட்டார். அதற்குள் நிலைமை மாறியிருந்தது. அங்கே மோர் வாங்க வந்த ஓர் அம்மா, பிள்ளையின் அப்பாவை நானே தேடித் தருகிறேன் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விட்டாராம். யார், எந்தப் பக்கம் போனார் என்று கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

யாரோ ஒருவர். யார் என்று தெரியாது.

“ஒரிஜினல் போட்டோ குடுங்க சார். எல்லாருக்கும் மறுபடி அனுப்பிடலாம்.”

“அழிச்சிட்டேம்மா.”

“வேற எதுனா பழசு?”

“எல்லாத்தையும் அழிச்சிடுவேன்.”

அவர் என் கையிலிருந்த கைப்பேசியை வாங்கினார். “அழிச்சா உடனே போவாது சார். ஒரு மாசம் ட்ராஷ்ல கெடக்கும்” என்று சொல்லிக்கொண்டே ஒரு குப்பைத் தொட்டிப் படத்தை அழுத்தித் திறந்தார்.

உள்ளே என் மகள் இருந்தாள். ஒன்றல்ல, இருபது முப்பது படங்கள். பள்ளிச் சீருடையில், ஈரத் தலையோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, அம்மா மடியில் படுத்துக்கொண்டு. எல்லாவற்றிலும் அந்தத் தழும்பு. ஒரு மாதமாக என் பிள்ளையின் நிஜமான முகத்தையெல்லாம் நான் எங்கே போட்டு வைத்திருந்தேன் என்று அந்தக் குப்பைத் தொட்டிப் படம் காட்டிக்கொண்டிருந்தது. பெண் காவலரும் பார்த்தார். கடைசியாக இருந்த மலையும் தொன்னையும் உள்ள படத்தை மீட்டு அனுப்பினார்.

பிறகு காத்திருந்தோம். ஒன்பது மணி, ஒன்பதே கால். மனைவி நான்கு முறை கூப்பிட்டாள். நான்கு முறையும் “இன்னும் இல்ல” என்றேன். நாலாவது முறை அவளே, “நீங்க தண்ணி குடிச்சீங்களா?” என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஒன்பதரை இருக்கும். ஜனம் முழுவதும் ஒரு பக்கமாகப் போகும் பாதையில், எதிர்த்திசையில் ஓர் ஊதாப் புடவை வந்துகொண்டிருந்தது. மலை சுற்றுகிறவர்கள் பாதியில் திரும்பி நடக்கவே மாட்டார்கள். சுற்று முறிந்துவிடும், அன்றைய பலன் போய்விடும் என்பார்கள். அதனால் அந்த அம்மாவைப் பார்த்தவர்கள் எல்லாம் முறைத்துக்கொண்டே வழிவிட்டார்கள். அவர் இடுப்பை ஒட்டிப் பச்சைப் பாவாடை. கால்கள் இரண்டிலும் ஈரத்துணி சுற்றியிருந்தது. அவர் தன் துண்டைக் கிழித்துக் கட்டியிருக்கிறார்.

நான் ஓடிப்போய் மகளைத் தூக்கினேன். பத்து வயதுப் பிள்ளையைத் தூக்கி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. அவள் என் காதில் முதலில் சொன்னது இதுதான்: “நான் சொல்லிட்டுதாம்பா போனேன். தொன்னையப் போட்டுட்டு வரேன்னு சொன்னேன். நீ போனப் பாத்துனே ம்னு சொன்ன.”

சொல்லியிருக்கிறாள். நான் அப்போது அவள் மூக்கை நேராக்கிக்கொண்டிருந்தேன்.

தொன்னையைப் போட்டுவிட்டுத் திரும்பியவளைக் கூட்டம் தள்ளிவிட, நான்தான் முன்னால் போய்விட்டேன் என்று நினைத்து வேகவேகமாக நடந்திருக்கிறாள். மோர்ப்பந்தல் வரை வந்தும் என்னைக் காணாத பிறகுதான், நான் பின்னால் மரத்தடியிலேயே இருப்பேன் என்று தோன்றியிருக்கிறது. அந்த அம்மா கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரர். வேர்க்கடலை அறுவடை முடிந்து வந்திருந்தார். தொடர்ந்து பன்னிரண்டு பௌர்ணமி சுற்றுவதாக வேண்டுதலாம், அன்று ஒன்பதாவது. மகளின் பேச்சு அவருக்கு எப்படிப் புரிந்தது என்று கேட்டேன்.

“மொதல்ல புரியல சார். கூட நடந்துனே நாலு வாட்டி கேட்டேன், புரிஞ்சிடுச்சு. அப்பா பின்னால மரத்தாண்ட நின்னுனு இருக்காருனு சொல்லுது. சரி, திரும்பி நடனு இட்டுனு வந்துட்டேன்.”

திரும்பி நடந்ததால் வேண்டுதல் கெட்டுப்போயிருக்குமே என்றேன். அவர் மலையைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏன் திரும்புனேன்னு அவரு மேலேந்து பாத்துனுதான இருக்காரு. ஒன்னு கம்மியாப் போச்சுனா சேத்து சுத்திட்டுப் போறேன். மலை எங்க போயிடப் போவுது?” பிறகு ஏதோ நினைவு வந்தவராக என்னிடம் கேட்டார்: “இப்பதான், இங்க கிட்ட வரும்போது ஒரு தம்பி போன்ல ஒரு போட்டோ காட்டுச்சு. புள்ள உடனே நானு, நானுனு குதிக்குது. ஆனா மோர்ப்பந்தல்ல மொதல்ல ஒன்னு காட்டினாங்களே, அது யார் வீட்டுப் புள்ளைங்க?”

என் தோளில் இருந்தபடியே மகள்தான் சொன்னாள். “அது அப்பா வரைஞ்சது.” அந்த அம்மாவுக்கு இந்த முறை ஒரே தடவையில் புரிந்துவிட்டது. “உங்கப்பாவுக்கு வரையவே தெரியல போ” என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

இப்போதும் அவளைப் படம் எடுக்கிறேன். வெளிச்சம் கம்மியாக இருந்தால் கூட்டுகிறேன், பின்னால் குறுக்கே யாராவது வந்திருந்தால் ஓரத்தை வெட்டுகிறேன். எதையாவது மாற்றத் தோன்றினால் அவளிடம் காட்டி, இது நீயா என்று கேட்கிறேன். ஆமாம் என்றால்தான் அந்தப் படம் வெளியே போகும். மீட்டெடுத்த அந்தக் கிரிவலப் படத்தைப் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் தழும்பைப் பற்றிக் கேட்டால் அவளே சொல்கிறாள், புரியவில்லை என்றால் மறுபடியும் சொல்கிறாள். அதில் நான் எதையும் தொடவில்லை, கன்னத்தில் ஒட்டியிருக்கும் அந்த ஒற்றைச் சோற்றுப் பருக்கையைக்கூட.