துண்டு போட்டு வைத்த இடம்

மதினி போன செய்தி வந்தபோது நான் இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் பேசினான். "அம்மாகிட்ட குடு" என்றான். அம்மா குழாயடியில் இருந்தாள். "என்னண்ணே, எங்கிட்டச் சொல்லு" என்றேன். மறுபடியும் அம்மாவையே கேட்டான். பிறகு, "மதினி போயிட்டா, செல்வி" என்றான். அன்று அவித்த இட்லியை யாரும் தொடவில்லை.

அண்ணன் மனைவி என்பதால் எனக்கு மதினி, உங்கள் எல்லாருக்கும் அவர் சங்கரி. ஆய்வகத்தில் அவருக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்யும் ரேவதி அக்கா, நீங்கள் அவருக்காகக் கூடும் நாளில் வாசிப்பதற்கு வீட்டிலிருந்து யாராவது எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். அண்ணனால் எழுத முடியவில்லை. அப்பாவிடம் கேட்க எனக்குப் பயம். அதனால் எல்லாரும் தூங்கிய பிறகு நான் எழுதுகிறேன். நான்தான் எழுதினேன் என்று அங்கே சொல்லலாம். எங்கள் வீட்டுக்குப் போன் செய்து மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வில்லாபுரத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். மாலையில் திரும்பும்போது மதினி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்துவிடுவார். அம்மா ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்புடி என்னதாம்மா செய்யிற, இம்புட்டு அலுப்பா வர்ற?"

"பிளாஸ்டிக்கை வெளிச்சம் போட வைக்கிறேன் அத்தை."

"பிளாஸ்டிக்கு எரிஞ்சா நாறுமே."

"எரியாம அத்தை. மெல்லிசாத் தடவி கரண்டு குடுத்தா அதுவா வெளிச்சம் போடும். எனக்கு நீலம் வேணும்."

"ஊதாவா?"

எங்கள் பக்கம் நீலத்தையும் ஊதா என்றுதான் சொல்வோம். மதினி சிரித்துவிட்டார். "ஊதா இல்ல அத்தை, நீலம். ஊதா வந்துச்சுன்னா எங்க சார் என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாரு."

"அனுப்பட்டும். வெங்காயம் உரிக்க ஒரு ஆளாச்சு" என்றாள் அம்மா. ஆனால் தெருவில் எல்லாரிடமும் "எங்க மருமக ஊதா லைட்டு செய்யிறா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒருநாள் மதினி வந்து வெறும் தரையில் படுத்துக்கொண்டார். "பச்சையாப் போச்சு" என்றார். என்னவென்று கேட்டேன். படுத்தபடியே வளையலில் மாட்டியிருந்த ஊக்குகளைக் கழற்றி, ஒன்றில் ஒன்றாகக் கோத்துக் காட்டினார். அவர் செய்யும் பொருள் இப்படிச் சங்கிலியாக நீளுமாம். நீலமாக ஒளிருமாம். ஏதோ ஓர் ஊக்கில் காற்றின் ஆக்ஸிஜன் வந்து உட்கார்ந்துவிட்டால், மற்ற ஊக்குகளின் வெளிச்சமும் அந்த இடத்துக்கு ஓடிவந்து பச்சையாகிவிடுமாம்.

"ஒண்ணே ஒண்ணு கெட்டதுக்கு எல்லாமுமா?"

"எல்லாமுந்தான்."

"இப்ப என்ன செய்வீங்க?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். "பெரியார் ஸ்டாண்டுல பஸ்ஸுக்கு என்ன செய்வோம்? சன்னல் வழியா துண்டு போடுவோம்ல? அதேதான். காத்து வந்து உக்கார்ற எடத்துல நம்மளே பெருசா ஒரு ஆளை முதல்ல உக்கார வச்சுறணும். இப்ப என் வேலையே எந்தாளை உக்கார வைக்கிறதுன்னு தேடுறதுதான்."

அவருடன் பெரியார் நிலையத்தில் பஸ் ஏறியிருக்கிறேன். கூட்டம் வாசலில் முட்டி மோதும். மதினி துப்பட்டாவைச் சன்னலுக்குள் போட்டுவிட்டு ஓரமாக வந்து நிற்பார். ஒருமுறை ஒருவர், "ஏம்மா, துணி டிக்கெட் எடுக்குமா?" என்று கேட்டார். "எடுக்கும்ணே, அது பாஸு வச்சிருக்கு" என்றார் மதினி. நான் பதறினால், "போட்டாச்சுல்ல? இனி மெதுவா ஏறுவோம்" என்பார். அவ்வளவு களைப்பிலும் அவர் இடித்துக்கொண்டு ஏறி நான் பார்த்ததில்லை.

அந்த நீலத்தை எனக்குக் காட்டுங்கள் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். லேப் சாமான் வீட்டுக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். போட்டோ காட்டினார். அம்மா எட்டிப் பார்த்து "ஊதாதான்" என்றாள். "இது போனோட நீலம். என்னோடது வேற" என்றார் மதினி.

பத்தாம் வகுப்புச் செய்முறையில் அமிலப் புட்டியைப் பிடித்த என் கை நடுங்கியது. பயந்தாங்கொள்ளி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அழுதுகொண்டு வந்து மதினியிடம் சொன்னேன். "சொல்லட்டும். பயப்படுறவதான் கண்ணாடி போடுவா, கையுறை போடுவா. பயமில்லாதவங்க பக்கத்துல நிக்கத்தான் எனக்குப் பயம்" என்றார். பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் திரும்பி, "மாமா, ப்ளஸ் ஒன்ல செல்விக்கு சயின்ஸ் குரூப்பு. நான் துண்டு போட்டாச்சு" என்றார். அப்பாவும் சிரித்தார். "போடு போடு" என்றார்.

இப்போது அப்பா அப்படிச் சொல்வதில்லை. "மருந்து வாடையிலயே நின்னு நின்னு உடம்பைக் கெடுத்துக்கிட்டா. இன்னொரு பிள்ளைய அந்தப் பக்கம் விட மாட்டேன். காமர்ஸ் போதும்" என்கிறார். மதினிக்கு வந்தது டெங்கு. டாக்டர் அப்பாவிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். அப்பாவுக்குத் தெரியும். தினமும் மாலையில் மாடியேறி ஒவ்வொரு வாளியாகக் கவிழ்க்கிறார். பக்கத்துக் காலி மனையில் கிடக்கும் சிரட்டையையும் பழைய டயரையும்கூடப் புரட்டிப் போடுகிறார். தெரிந்தும் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று கோபமாக இருந்தது. கொசுவிடமிருந்து என்னை முழுதாகக் காப்பாற்ற அவரால் முடியாது. கெமிஸ்ட்ரியிடமிருந்து முடியும். அவ்வளவுதான் என்று இப்போது தோன்றுகிறது.

துக்கம் கேட்க வந்த ஒருவர் அம்மாவிடம், "ஊதா லைட்டு செஞ்சாளே, அந்தப் பிள்ளையா?" என்றார். அம்மா தலையைத் தூக்காமல், "ஊதா இல்ல. நீலம்" என்றாள். அன்று முழுவதும் அவள் பேசியது அதுதான்.

மதினி கடைசியாகச் செய்து வைத்தது இன்னும் பச்சையாகவில்லை, நீலமாகவே இருக்கிறது என்று ரேவதி அக்கா சொன்னார். என்றாவது அங்கே வந்து அதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

நாளைக்குப் பள்ளியில் குரூப் சொல்ல வேண்டும். அப்பாவும் வருகிறார். இன்று சாப்பிடும்போதே அவரிடம் பேச நினைத்தேன், வாய் வரவில்லை. எல்லாருக்கும் அலுப்பாக இருக்கிறது, எனக்கும்தான். ஆனால் மதினியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. அப்பா வாய் திறப்பதற்கு முன்னால், "சயின்ஸ் குரூப்" என்று நான் சொல்லிவிடுவேன். குரல் நடுங்கும். அப்பா திட்டுவார், அழக்கூடச் செய்வார். வீடு வரைக்கும் என்னுடன் பேச மாட்டார். இருக்கட்டும்.

போட்டாச்சு என்றால் போதும், மதினி. இனி மெதுவாக ஏறிக்கொள்கிறேன்.